துறைமுகத்தை ஆராய்பவர் எதிர்க்கரையையும் படிக்க வேண்டும்

முதுகலை முடித்துவிட்டுத் துறைமுக நகரங்களை ஆய்வுப் பொருளாக எடுக்க நினைக்கிறீர்கள். வரலாறு, புவியியல், பொருளியல், தொல்லியல் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். இதுவரை அறிஞர்கள் என்ன செய்திருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தப் புலத்தில் சேர்கிறீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு. ஒரு துறைமுகத்தை மட்டும் தனியாக எடுக்காதீர்கள். அங்கிருந்து கப்பல் போய்ச் சேரும் எதிர்க்கரை ஒன்றையும், சரக்கு வந்து சேரும் பின்னிலம் ஒன்றையும் அதோடு சேர்த்தே எடுங்கள். இந்தத் துறையில் காலம் கடந்து நிற்கும் ஆய்வுகளைப் பார்த்தால் பெரும்பாலும் அப்படிச் செய்யப்பட்டவையாகவே இருக்கும். ஒரே ஊரின் கரையில் நின்று எழுதியவற்றில் பல, ஊர்ப்பெருமையாகவோ நிர்வாக ஆண்டறிக்கையின் தொடர்ச்சியாகவோ முடிந்துவிட்டன. ஏன் என்று விளக்கத்தான் இந்த நீண்ட பதில்.

துறைமுகத்துக்குக் கோட்பாடு வகுக்க முனைந்தவர்களில் புவியியலாளர்கள் முன்னணியில் நிற்கிறார்கள். 1958இல் கீடோ வைகண்ட் என்ற அமெரிக்கப் புவியியலாளர், துறைமுக ஆய்வின் அடிப்படைக் கூறுகள் என்று ஆறைக் குறித்தார்: துறைமுகம், கப்பல், சரக்கு, பின்னிலம், எதிர்க்கரை, இடையில் உள்ள கடல்வெளி. இந்த ஆறில் ஊருக்குள் இருப்பது ஒன்றுதான். அதை அவர் அன்றே சொல்லிவிட்டார். பின்னால் வந்த பலர் மறந்துவிட்டார்கள்.

1963இல் இரண்டு முக்கியமான வேலைகள் வெளிவந்தன. பிரிட்டனின் பெரிய துறைமுகங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் பேர்ட், 'எனிபோர்ட்' (ஏதோ ஒரு துறைமுகம்) என்ற பொது மாதிரியை முன்வைத்தார். ஆற்றங்கரையில் ஊரை ஒட்டி ஒரு சிறு இறங்குதுறை. பிறகு கரை நீளும். பிறகு தோண்டிக் கட்டிய கப்பல்துறைகள் வரும். கடைசியில் எண்ணெய்க்கும் தாதுவுக்கும் தனித்தனித் துறைகள். ஒவ்வொரு படியிலும் துறைமுகம் ஊரைவிட்டு விலகி, ஆழமான நீரைத் தேடிக் கடல்வாயை நோக்கி நகரும். இதை எல்லாத் துறைமுகத்துக்கும் பொருந்தும் விதி என்று பேர்ட் நினைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் என்பதற்காகவே உருவாக்கினார். இன்று பல ஆய்வேடுகளில் 'எங்கள் துறைமுகம் மூன்றாம் படியில் இருக்கிறது' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அவர் விரும்பியது அதற்கு நேர் எதிரானது. மாதிரியிலிருந்து உங்கள் துறைமுகம் எங்கே விலகுகிறதோ, அங்கேதான் உங்கள் கேள்வி தொடங்குகிறது.

அதே ஆண்டு டாஃபே, மாரில், கூல்ட் மூவரும் கானாவையும் நைஜீரியாவையும் வைத்து மற்றொரு மாதிரியைத் தந்தார்கள். கடற்கரை நெடுக சிதறிக் கிடக்கும் சிறு துறைகள். அவற்றில் சிலவற்றிலிருந்து மட்டும் உள்நாட்டுச் சுரங்கத்துக்கோ நிர்வாக நகரத்துக்கோ ஒரு ரயில் பாதை போகிறது. பாதை கிடைத்த துறை வளர்கிறது, கிடைக்காத பக்கத்துத் துறைகள் தேய்கின்றன. துறைமுகத்தின் தலைவிதியைக் கடல் மட்டும் எழுதுவதில்லை, ரயில் பாதை எங்கே போடப்பட்டது என்பதும் எழுதுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் கிடையாது. ஆனால் அந்த மாதிரியின் முதல் கட்டத்தில் கடற்கரை ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்னிருந்த பழைய வணிகத்துக்கு அதில் உரிய இடம் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு இந்த மாதிரியைக் கொண்டுபோனால் இந்தக் குறை உடனே தெரியும். பருவக்காற்றில் பாய்மரக் கப்பல்கள் நூற்றாண்டுகளாக வந்துபோன கரை அது. அந்தத் துறைமுகங்களை நெடுங்காலம் ஆராய்ந்த பிரயன் ஹாய்ல்தான் பிற்பாடு துறைமுகமும் நகரமும் பிரிந்த கதையையும் எழுதினார். அவரிடம் திரும்ப வருவேன்.

கோட்பாடுகள் இவ்வளவு போதும். இனி நான் அதிகம் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்: சான்றுகள் எங்கே கிடக்கின்றன?

துறைமுகம் என்பது பொருளும் ஆளும் காகிதமும் கடந்துபோகிற இடம். ஈரமும் உப்பும் தீயும் போரும் அங்கே ஆவணங்களைத் தின்றுவிடுகின்றன. அதனால் ஒரு துறைமுகத்தைப் பற்றிய சிறந்த சான்று பல வேளைகளில் அதன் எதிர்க்கரையில் கிடைக்கிறது. முசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையிலிருந்த இந்தத் துறையின் வணிகம் எவ்வளவு பெரியது என்பதற்கு நம்மிடம் உள்ள மிகத் துல்லியமான சான்று எகிப்திலிருந்து கிடைத்த ஒரு பாப்பிரஸ் தாள். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இப்போது வியன்னாவில் இருக்கிறது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. ஒரு பக்கம் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம். செங்கடல் கரையில் இறங்கும் சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் வழியாக அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்குக்குப் போகும் ஏற்பாடு அதில் விரிவாக இருக்கிறது. மறுபக்கம் 'ஹெர்மாபோலோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு. மதிப்பில் கால் பங்கு ரோமானிய அரசுக்குச் சுங்கம். கடனாளி, கடன் கொடுத்தவர், ஒட்டகக்காரர், வரி வசூலிப்பவர் எல்லோரும் ஒரே தாளில் வந்து நிற்கிறார்கள். முசிறியின் மண்ணில் மட்டும் தேடியிருந்தால் இந்தக் கடன் ஏற்பாடு நமக்குத் தெரிந்தே இருக்காது. கேரளத்தின் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய ஆம்போரா (மது, எண்ணெய் போன்றவற்றை அடைத்து அனுப்பிய சாடி) துண்டுகள் கிடைத்ததும், அதுதான் முசிறியா என்று அறிஞர்கள் வாதிடுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வாதத்தைத் தொடரவும் இரு கரைகளின் பானை ஓடுகளையும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுமுனையைப் பாருங்கள். செங்கடல் கரையில் எகிப்தின் பெரெனிகேயில் ஸ்டீவன் சைட்பாதமும் வில்லெக்கே வென்ட்ரிக்கும் 1994இல் அகழாய்வு தொடங்கினார்கள். அங்கே ஒரு கோயில் வளாகத்தில், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றில் ஏழரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான மிளகு அப்படியே இருந்தது. தேக்கு மரத் துண்டுகள் கிடைத்தன. 'கொற்றன்' என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடு கிடைத்தது. அதற்கு வடக்கே குசெய்ர் அல்-கதீமில் 'பானை ஒறி' என்று எழுதிய ஓடு கிடைத்தது. இவற்றை நம் முன்னோர் பெருமை என்று மேடையில் பேசிவிட்டுப் போவது எளிது. ஆய்வாளராகக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தக் கொற்றன் அங்கேயே தங்கியவரா, பருவக்காற்று திரும்பும்வரை காத்திருந்தவரா? அவர் பாத்திரத்தில் சமைத்தது யார்? சரக்குக் கணக்கை எந்த மொழியில் பேசி முடித்தார்கள்? துறைமுக நகரம் என்ற சமூக அமைப்பு இத்தகைய கேள்விகளில்தான் பிடிபடும்.

இடைக்காலத்துக்கு வந்தாலும் இதே நிலைதான். கெய்ரோவில் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தின் காகித அறையில் குவிந்து கிடந்த தாள்களிலிருந்து எஸ்.டி. கோய்ட்டைன் ஒரு வணிக உலகத்தையே மீட்டெடுத்தார். கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக்கூடாது என்ற வழக்கத்தால் பிழைத்தவை அவை. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரின் கடிதங்களும் அவற்றில் உண்டு. ஏடனின் இடைக்காலத் துறைமுக வாழ்க்கையைப் பற்றி ரொக்ஸானி மார்கரீட்டி 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கெய்ரோத் தாள்களைப் பெருமளவு நம்பி நிற்கிறது. ஏடனின் சுங்கச்சாவடியில் என்ன நடந்தது என்று அறியக் கெய்ரோவின் காகித அறைக்குப் போக வேண்டியிருக்கிறது.

சூரத்தின் வீழ்ச்சியை ஆராய்ந்த அஷின் தாஸ்குப்தாவின் 1979ஆம் ஆண்டு நூலை எப்படியாவது தேடிப் படியுங்கள். என் பார்வையில் துறைமுக வரலாறு எழுதப் பழகுபவருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் முதற் பாதியில் சூரத்தின் இந்திய வணிகர்கள் ஏன் சரிந்தார்கள் என்பது கேள்வி. விடையை அவர் தேடியது பெரும்பாலும் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில். ஐரோப்பியக் கப்பல்கள் வந்து இந்திய வணிகத்தை விழுங்கிவிட்டன என்ற எளிய கதையை அவர் ஏற்கவில்லை. பின்னிலத்தில் முகலாய ஆட்சி உடைந்து சூரத்துக்கு வரும் பாதைகள் அறுந்தன. எதிர்க்கரையில் பாரசீகத்தை ஆண்ட சஃபாவி அரச மரபினர் வீழ்ந்தார்கள், யேமன் குழம்பியது. இருபுறமும் அடி விழுந்ததும் நடுவில் இருந்த துறைமுகம் தாங்கவில்லை. இந்த முடிவோடு பின்னால் வந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள், வாதிடட்டும். ஊருக்குள் நடந்த ஒன்றை விளக்க ஊருக்கு வெளியே இரு திசையிலும் பார்த்தார் என்பதுதான் நீங்கள் கற்க வேண்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எதிர்க்கரையின் ஆவணம் எதிர்க்கரையின் கண்ணால் பார்க்கும். டச்சு எழுத்தர் தன் கம்பெனிக்கு லாபமோ இடைஞ்சலோ தந்தவரைப் பற்றித்தான் எழுதினார். பெரிய வணிகர் பெயரோடு வருவார். அவருடைய சரக்கைத் தோணியில் ஏற்றியவர் எண்ணிக்கையாகக்கூட வரமாட்டார். தொடர்ச்சியான புள்ளிவிவரத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. டென்மார்க்கின் ஹெல்சிங்கோரில் 1497 முதல் 1857 வரை பால்டிக் கடலுக்குள் போய்வந்த கப்பல்களிடம் சுங்கம் வாங்கிய பதிவேடுகள் இருக்கின்றன. ஏறக்குறைய 18 லட்சம் கடப்புகள் அவற்றில் பதிவாகியுள்ளன. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகமும் ஒரு ஆவணக்காப்பகமும் சேர்ந்து அவற்றை இணையத்தில் தேடும்படி செய்திருக்கின்றன. கப்பல்தலைவன் பெயர், எங்கிருந்து வருகிறான், என்ன சரக்கு எல்லாம் உண்டு. பால்டிக் கரையின் ஒரு சிறு துறையைக்கூட இதை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் தொடரலாம். ஆனால் சரக்கின் மதிப்பைக் கப்பல்தலைவனே அறிவித்தான். குறைத்துச் சொல்வதைத் தடுக்க, அறிவித்த விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமையை டென்மார்க் அரசர் வைத்திருந்தார். ஒரு பதிவேடு எப்படி உருவானது, அதில் பொய் சொல்லத் தூண்டுதல் எங்கே இருந்தது என்பதை அறியாமல் அதன் எண்களைக் கூட்டத் தொடங்காதீர்கள்.

தாளில் இல்லாததைச் சேறு சொல்லும். கடந்த சில பத்தாண்டுகளில் இத்துறையில் மிகவும் வளர்ந்த பகுதி, பழைய துறைமுகங்களின் வண்டலைத் துளையிட்டு எடுத்து ஆராய்வது. மத்தியதரைக்கடல் துறைமுகங்களில் இந்த முறையை வகுத்தவர்களில் நிக் மாரினெரும் கிறிஸ்தோஃப் மொராஞ்சும் முக்கியமானவர்கள். அலைதடுப்புச் சுவர் கட்டியதும் உள்ளே நீர் அமைதியாகிறது, நுண்ணிய சேறு படிகிறது, அந்த நீரில் வாழும் சிற்றுயிர்களும் மாறுகின்றன. துளையிட்டு எடுத்த மண்தூணில் இந்த மாற்றம் கோடு போட்டது போலத் தெரியும். எந்த நூற்றாண்டில் துறை கட்டினார்கள், எப்போது தூர்வாரினார்கள், எப்போது கைவிட்டார்கள் என்று அதிலிருந்து கணிக்கலாம். ரோமுக்காகப் பேரரசர் கிளாடியஸ் கி.பி. 42இல் கட்டத் தொடங்கி, பின்வந்த பேரரசர் டிராஜன் அறுகோணக் குளம் சேர்த்த போர்ட்டஸ் துறைமுகம் இன்று டைபர் ஆற்று வண்டலால் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. அங்கே எடுத்த வண்டலில் படிந்த ஈயத்தை ஆராய்ந்து, ரோமின் குழாய்த் தண்ணீரில் ஊற்றுநீரைவிட ஏறத்தாழ 100 மடங்கு ஈயம் இருந்தது என்று 2014இல் ஒரு குழு காட்டியது. தலைநகரின் குடிநீர் வரலாறு அதன் துறைமுகச் சேற்றில் இருந்திருக்கிறது.

வண்டலை இயற்கையின் செயல் என்று மட்டும் படிக்காதீர்கள். இன்றைய துருக்கியில் உள்ள எபேசஸில் கப்பல் நிற்க ஆழம் வேண்டும் என்று அரசன் அட்டலஸ் துறையின் வாயைக் குறுக்கிச் சுவர் கட்டச் சொன்னதையும், அதனால் ஆற்று மண் வெளியே போகாமல் உள்ளேயே தேங்கித் துறை முழுதும் ஆழம் குறைந்ததையும் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். கடலை மீறிக் கட்டிய ஒரு முடிவின் விலையைப் பின்வந்த தலைமுறைகள் தூர்வாரித் தூர்வாரிக் கட்டின. இன்றைய துறைமுகத் திட்டங்களை ஆராய்பவரும் இந்தப் பத்தியைப் படிக்கலாம்.

இஸ்தான்புல்லின் யெனிகாபியில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டியபோது பைசாந்தியத் துறைமுகம் ஒன்றும், 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான 37 கப்பல்களும் வெளிப்பட்டன. முறையாகத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது சான்று. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் கதை வேறு. தைத்துக் கட்டிய பலகைகளால் ஆன கப்பல், உள்ளே ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான் பொருட்கள். அவற்றில் ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு இணையான தேதி பொறித்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலைக் கடந்த வணிகத்துக்கு இவ்வளவு பெரிய நேரடிச் சான்று அபூர்வம். ஆனால் அதை எடுத்தது ஒரு வணிக மீட்பு நிறுவனம் என்பதால் தொல்லியலாளர் பலர் எதிர்த்தார்கள். வாஷிங்டனில் திட்டமிட்டிருந்த கண்காட்சி 2011இல் நிறுத்தப்பட்டது. லாபத்துக்குத் தோண்டிய பொருளை வைத்து ஆய்வு செய்யலாமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு: அந்தப் பொருளைப் பயன்படுத்துவதானால், எப்படி எடுக்கப்பட்டது, எது தொலைந்தது என்பதை ஆய்வேட்டிலேயே வெளிப்படையாக எழுத வேண்டும்.

இனி துறைமுகமும் ஊரும் பிரிந்த கதை. 1956 ஏப்ரல் 26 அன்று நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கன்டெய்னர்களோடு புறப்பட்டது. மூட்டையும் பெட்டியுமாகச் சரக்கேற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன காலத்தில், இந்தக் கப்பலில் ஏற்ற 16 சென்ட்டுக்கும் குறைவாக ஆனது என்பது அதிகம் மேற்கோள் காட்டப்படும் கணக்கு. கன்டெய்னருக்குத் தேவையானது நீண்ட கரையும், பின்னால் பரந்த வெற்றிடமும், நெடுஞ்சாலையும். நகரத்தின் நடுவே நெருக்கிக் கட்டிய கப்பல்துறைகளில் இவை இல்லை. லண்டனில் கிழக்கிந்தியக் கப்பல்துறை 1967இலும், செயின்ட் கேத்தரின் 1968இலும், கடைசியாக ராயல் துறைகள் 1981இலும் மூடின. சரக்கு டில்பரிக்கும், ஃபீலிக்ஸ்டோ என்ற சிற்றூருக்கும் போயிற்று. உலகப் புகழ்பெற்ற துறைமுக நகரத்தில் கப்பல் இல்லை. பலர் கேள்விப்படாத சிற்றூரில் பிரிட்டனின் மிகப்பெரிய கன்டெய்னர் துறைமுகம் இருக்கிறது.

ஹாய்ல் 1980களின் கடைசியில் இந்தப் பிரிவைப் படிகளாக வரைந்தார். யெஹுதா ஹயுத் அதே பத்தாண்டின் தொடக்கத்தில், சரக்கு ஒரு சில மையத் துறைகளில் குவிவதை விளக்கினார். 2005இல் தியோ நோட்டெபூமும் ழான்-பால் ரோட்ரிகும் அடுத்த படியைச் சேர்த்தார்கள்: துறைமுகத்தின் உண்மையான வேலை இப்போது உள்நாட்டு ரயில் முனையங்களிலும் ஆற்றுத் துறைகளிலும் நடக்கிறது, ரைன் நதிக்கரையில் உள்ள ஜெர்மனியின் உள்நாட்டுத் துறை டூய்ஸ்பர்க் இல்லாமல் நெதர்லாந்தின் ராட்டர்டாமை விளக்க முடியாது. பின்னிலம் மறுபடி நடுமேடைக்கு வந்துவிட்டது.

இந்தப் பிரிவு ஆய்வாளர்களையும் பிரித்தது என்பதுதான் என் குறை. வரலாற்றாசிரியர்களும் நகரவியலாளர்களும் கப்பல் போய்விட்ட பழைய கரையில் நின்றுவிட்டார்கள். பொருளியலாளர்களும் போக்குவரத்து ஆய்வாளர்களும் வேலிக்கு அப்பால் புதிய முனையத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பதில்லை. பழைய கரைகளின் புதுப்பிப்பு பற்றி, பால்டிமோரில் தொடங்கி லண்டன், ஹாம்பர்க் வரை, ஏராளமான கட்டுரைகள் உண்டு; அந்தச் சரக்கு போய்ச் சேர்ந்த ஊரில் லாரிச் சத்தத்தோடு வாழ்பவர்களைப் பற்றி மிகக் குறைவு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க முயல்பவர்களில் கட்டட, நகர வரலாற்றாசிரியர் கரோலா ஹைன் முக்கியமானவர். எண்ணெய்க் கிடங்கு, குழாய், அலுவலகம், பெட்ரோல் நிலையம் எல்லாம் ஒரே நிலக்காட்சியின் துண்டுகள் என்று அவர் காட்டுவது எனக்குப் பிடிக்கும்.

புதுப்பிப்பில் எதை நினைவில் வைக்கிறோம் என்ற கேள்வியும் ஆய்வுக்குரியது. ரியோ டி ஜெனிரோவில் 2011இல் துறைமுகப் பகுதியைச் சீரமைக்கத் தோண்டியபோது வலோங்கோ இறங்குதுறையின் கற்கள் வெளிவந்தன. ஏறத்தாழ 9 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கரையிறங்கிய இடம் என்று கணிக்கப்படுகிறது. 1843இல் ஓர் அரச மணமகளை வரவேற்க அதன்மேல் புதிய கல் பாவி மூடிவிட்டார்கள். 2017இல் அது உலக மரபுச் சின்னமானது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் சுமார் 36,000 பயணங்களைத் தொகுத்த தரவுத்தளம் இருப்பதால், ரியோவின் கல்லை ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் லுவாண்டா கரையோடு இன்று இணைத்துப் படிக்க முடிகிறது. ஒரு கரையின் நினைவகத்தில் மட்டும் நின்றால் பாதிக் கதைதான்.

உழைப்பாளர் வரலாற்றுக்குப் போதிய இடம் கொடுங்கள். துறைமுகத்தில் கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. தினமும் காலையில் வாயிலில் கூடி நின்று, மேஸ்திரி கைகாட்டுபவர் மட்டும் உள்ளே போகும் முறை உலகின் பல துறைமுகங்களில் ஒரே மாதிரி இருந்தது. 1889இல் லண்டன் தொழிலாளர்கள் மணிக்கு 6 பென்ஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கையிருப்பு கரைந்து தோற்கும் நிலையில் அவர்களைக் காப்பாற்றியது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுமார் 30,000 பவுன் நன்கொடை. லண்டனின் போராட்டத்தை எழுதவும் எதிர்க்கரை வேண்டியிருக்கிறது. பின்னர் கன்டெய்னர் வந்தபோது, அமெரிக்க மேற்குக் கரையின் தொழிற்சங்கம் 1960இல் இயந்திரமயத்தை ஏற்று ஈடு வாங்கியது; வேறு பல இடங்களில் நீண்ட மோதலாயிற்று. 1973இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு துறைமுக வேலைக்கென்றே 137ஆம் உடன்படிக்கையை உருவாக்கியது. ஒரே இயந்திரம், வேறு வேறு முடிவுகள். ஒப்பீட்டு ஆய்வுக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. மாலுமிகளுக்குத் தங்குமிடம் நடத்திய பெண்கள், சலவை செய்தவர்கள், சிதறிய தானியத்தைப் பெருக்கி விற்றவர்கள் பற்றியோ இன்னும் போதிய ஆய்வுகள் வரவில்லை.

நோயும் புகையும் கப்பலோடு வருபவை. 1377இல் ரகுசா, இன்றைய துப்ரோவ்னிக், கொள்ளைநோய்ப் பகுதியிலிருந்து வருபவரை 30 நாள் விலக்கி வைக்கச் சட்டம் போட்டது. 1892இல் ஹாம்பர்க்கில் காலரா 8,600 பேருக்கு மேல் கொன்றது. மணல் வடிகட்டி வைத்திருந்த பக்கத்து ஊர் ஆல்டோனாவில் பாதிப்பு மிகக் குறைவு. வணிகம் கெடும் என்று செய்தியைத் தாமதப்படுத்திய வணிகர் ஆட்சியை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் எவன்ஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இன்றைக்கும் கேள்வி அதேதான்: லாபம் யாருக்கு, தீங்கு யாருக்கு? ஓலாஃப் மெர்க் தலைமையில் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நடத்தி 2014இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வு, துறைமுகத்தின் பலன் தொலைதூரப் பகுதிகளுக்குப் பரவிவிடுகிறது, புகையும் நெரிசலும் நில இழப்பும் துறைமுக ஊரிலேயே தங்கிவிடுகின்றன என்று காட்டியது. 'துறைமுகம் வந்தால் ஊர் வளரும்' என்ற வாக்குறுதியை எங்கே கேட்டாலும் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

தரவுக்கு இப்போது பஞ்சமில்லை. 2004 இறுதிக்குள் சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி வைக்க வேண்டும் என்றானது. அந்தச் சமிக்ஞைகளைச் சேர்த்துத் துறைமுகங்களுக்கிடையேயான வலையை வரையலாம். செசார் டுக்ரூவே, கப்பல் நடமாட்டத்தைக் குறித்துவைத்த பழைய லாய்ட்ஸ் பதிவுகளை எடுத்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அத்தகைய வலைகளைக் கட்டியிருக்கிறார். பயனுள்ள வேலை. ஆனால் கப்பல் எங்கே நின்றது என்று தெரிந்தால் என்ன இறக்கியது என்று தெரிந்துவிடாது. சிறு தோணிகள் இந்த வலையில் சிக்குவதே இல்லை. துறைமுகங்களைத் தரவரிசைப்படுத்தும் திறன் அளவீட்டுக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வருகின்றன: கரையின் நீளம், கிரேன் எண்ணிக்கை ஒரு பக்கம், கையாண்ட கன்டெய்னர் மறுபக்கம். கப்பல் மாற்றி ஏற்றும் கன்டெய்னர் இறக்கும்போது ஒருமுறை, ஏற்றும்போது ஒருமுறை என இருமுறை எண்ணப்படுகிறது. அத்தகைய துறைமுகத்தையும் தன் பின்னிலத்துக்கே சரக்குத் தரும் துறைமுகத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவது எனக்கு ஏற்புடையதல்ல. இன்னொரு தரவரிசைக் கட்டுரை எழுத உங்கள் ஆண்டுகளைச் செலவிடாதீர்கள்.

நடைமுறையாகச் சில சொல்கிறேன். கேள்வியை ஒரு பொருளில் கட்டுங்கள்: அரிசி, நிலக்கரி, தோல், உப்பு, எது வேண்டுமானாலும். பொருளைப் பின்தொடர்ந்தால் பின்னிலமும் எதிர்க்கரையும் தாமாக வந்து சேரும். சுங்கப் பதிவேடு கிடைக்காவிட்டால் நீதிமன்ற வழக்குகளைத் தேடுங்கள். மோதல், தாமதம், காப்பீடு பற்றிய வழக்குகளில் எளிய மனிதர்கள் வாய்திறந்து பேசுவார்கள். வெவ்வேறு ஆண்டுகளின் கடல் வரைபடங்களை அடுக்கிப் பார்த்தால் ஆழம் எப்படி மாறியது என்று தெரியும். இன்றைய துறைமுகத்துக்குள் நுழைவது கடினம். 2004இல் வந்த பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு எல்லாம் வேலிக்குள். அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளர்களையும் கப்பல் வழிகாட்டிகளையும் சுங்க முகவர்களையும் சந்தியுங்கள். அவர்கள் வயது ஏறிக்கொண்டே போகிறது, ஆவணக்காப்பகம் காத்திருக்கும். செழித்த துறைமுகத்தைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். ரயில் பாதை கிடைக்காமல் தேய்ந்த துறை ஒன்றை எடுத்தால் போட்டியும் குறைவு, கேள்வியும் கூர்மையாகும்.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் எதிர்க்கரையின் மொழியை அங்கே கற்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். டச்சோ அரபியோ போர்த்துகீசியமோ பர்மியமோ, பழைய கையெழுத்தைப் படிக்கும் அளவுக்கு அந்த மொழியைக் கற்றுக்கொள்ள நெறியாளர் நேரம் ஒதுக்கித் தருவாரானால், அவர் வரலாற்றுத் துறையா புவியியல் துறையா என்று பார்க்காமல் சேர்ந்துவிடுங்கள்.